கறுப்பு வண்டிக்கு மெழுகு

1

இந்தக் கதை என்னுடையதில்லை. தென்காசியில் ஒரு கடையில் ஒட்டுக்கேட்டது. போன வருஷம், 1936 ஆடி மாதம், ஆணி வாங்கப் போயிருந்தேன். மோட்டார் ஓட்டுகிறவர் ஒருவர், "கறுப்பு வண்டிக்கு எந்த மெழுகு நல்லது?" என்று கேட்டார். நான் வாங்கி முடித்துக் கிளம்பும்வரை, கடைக்காரர் எடுத்துவைத்த இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு மெழுகுக்கு இத்தனை யோசனையா? ஏன் நின்றார் என்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் புளுகு.

2

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு பகலில், கறுப்பு மோட்டார் ஒன்று—

(வேண்டாம். சாரலில் தொடங்காத குற்றாலக் கதை ஒன்றாவது இருந்துவிட்டுப் போகட்டும்.)

அவருக்குக் குத்தாலிங்கம் என்று பெயர் வைத்தேன். வீரபாகு முதலாளியின் குற்றாலம் பங்களாவில் டிரைவர். முதலாளி மதராஸ்வாசி; சீசனுக்கு மட்டும் வருவார். வண்டிக் கொட்டகையை ஒட்டிய அறையில் குத்தாலிங்கமும் மனைவி ஆவுடைத்தாயும் குடியிருந்தார்கள். அவர் மெழுகு வாங்க வந்த நாளுக்கு எட்டு நாள் முன் அவளுக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். கேட்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. குத்தாலிங்கம் கேட்கவில்லை. தென்காசி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

வலி பொறுக்காமல் அவள் கையை வெளியே போட்டுக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களில் இரண்டு மூன்று உடைந்து, உடைந்த முனை கதவைக் கீறிக்கொண்டே வந்தது. பெண் குழந்தை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை.

[ஆஸ்பத்திரியை இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். உங்களை அழவைப்பது சுலபம். அதுதான் வெட்கமாக இருந்தது.]

சுமங்கலி என்பதால் மிச்ச வளையல்களோடே எடுத்துப்போனார்கள். கதவில் ஐந்தாறு கோடுகள் மட்டும் நின்றுவிட்டன. வெளிர் நிற வண்டியென்றால் கண்ணிலேயே படாது. கறுப்பில் எல்லாம் தெரியும். நாளைக் காலை ரயிலில் முதலாளி வருகிறார்.

(அடிக்குறிப்பு: முதலில் முதலாளியைக் கொடுமைக்காரராக எழுதினேன். கதை உடனே லேசாகிவிட்டது, அடித்துவிட்டேன். அவர் யார்மேலும் கை நீட்டியவரில்லை. சொல் மீறினவரை வைத்துக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.)

3

"இது சீமைச் சரக்கு, வெள்ளை மெழுகு" என்றார் கடைக்காரர் சேக் மைதீன். "பளபளன்னு ஆக்கிரும். ஆனா கீறலுக்குள்ள போயி இறுகிக்கிடும். கோடு வெள்ளையா எடுத்துக்காட்டும். இன்னொண்ணு நானே காய்ச்சினது. மலைத் தேன்மெழுகு, கற்பூரத் தைலம், விளக்குக்கரி. கீறலை அடைச்சிரும். ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது."

குத்தாலிங்கம் கறுப்பு மெழுகைக் கையில் எடுத்தார்.

"சாயபு, இதைப் பின்னால எடுத்திர முடியுமா?"

"எதுக்கு வே?"

"கோடு அடியில பழையபடி இருக்குமான்னு கேக்கேன்."

"மறைக்கணும்னுதான வந்தீரு?"

"ஆமா."

சேக் மைதீனுக்கு அந்தச் சாவு தெரியும். டப்பா மூடியைத் திறந்து மெழுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தைலத்தைத் தொட்டுத் துடைச்சா மெழுகு வந்துரும். ஆனா தேய்க்கத் தேய்க்கக் கோடும் தேஞ்சிரும் வே. பொய் சொல்ல மாட்டேன்."

4

ஒரு முடிவு: கறுப்பு மெழுகு. முதலாளி கதவைத் தடவிப் பார்த்து, "புதுசு மாதிரி வச்சிருக்கியே" என்கிறார். குத்தாலிங்கம் "ஆமா முதலாளி" என்கிறார். அந்த 'ஆமா'வை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் பேனாவை மூடிவைத்தேன்.

இன்னொரு முடிவு: வெள்ளை மெழுகு. "இது என்ன கோடு?" என்கிறார் முதலாளி. குத்தாலிங்கம் உள்ளதைச் சொல்கிறார். அன்று மாலையே ஒன்பது நாள் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு மழையில்—

இல்லை, என்னால் முடியாது.

இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் ஆவுடைத்தாய் திரும்பி வரவில்லை. இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மெழுகை எடுத்தாலும் சரி, அந்தக் கதவில் மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தேயுங்கள்.