காலடிக்காரி

சினிமாவில் நீங்கள் கேட்கும் காலடிச் சத்தம் அந்த நடிகையுடையதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தால், உங்களை ஏமாற்றியவர்களில் நானும் ஒருத்தி. படம் பிடிக்கும் இடத்தில் கிடைக்கும் சத்தம் பெரும்பாலும் குப்பை. ஜெனரேட்டர் உறுமும், யாராவது இருமித் தொலைப்பார்கள். அதனால் பிற்பாடு ஓர் இருட்டு அறையில், திரையில் படம் ஊமையாக ஓட, என்னைப் போன்றவர்கள் அதே நடையை மறுபடி நடப்போம். அதைப் பதிவு செய்து படத்தோடு சேர்ப்பார்கள். பதினோரு வருடம் நான் இதைத்தான் செய்தேன். கதாநாயகிகளுக்கு நடந்திருக்கிறேன், நர்ஸுகளுக்கு நடந்திருக்கிறேன், ஒரு கொலைகாரனுக்கும் இரண்டு பேய்களுக்கும்கூட. பேய்க்கு எதற்குக் கால் என்று என்னிடம் கேட்காதீர்கள். இயக்குநர் கேட்டார், நடந்தேன். ஸ்டுடியோவில் எனக்குக் காலடிக்காரி என்று பெயர்.

அப்படிப்பட்டவள் ஒரு மழை நாளில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன், வண்டி சறுக்கியது, முதுகுத்தண்டு போயிற்று. இப்போது சக்கர நாற்காலி. ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். ஊரார் ‘உச்’ கொட்டுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அம்மா அப்பா போனபிறகு, இந்த வேலைக்கு வரும் முன்பிருந்தே, அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். விடிந்தும் விடியாத நேரத்தில் விழிப்பு வந்துவிடும். கண்ணைத் திறக்காமல் கிடப்பேன். அந்த நேரத்தில் எனக்கு உடம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. காது மட்டும் எழுந்து வீடு முழுக்கச் சுற்றிவரும். குழாய் சொட்டும். அத்தான் பல் தேய்த்துக்கொண்டே செருப்பைத் தேடுவார். தெருவில் யாரோ ஒரு காலை இழுத்து இழுத்துப் போவார், அவர் திருப்பம் தாண்டும்வரை நானும் கூடவே போவேன். அப்புறம் எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டு அக்கா வருவாள். தொம், தொம், தொம். அவள் நடந்தால் அலமாரியில் கிண்ணங்கள் கிணுகிணுக்கும்.

“ரோடு ரோலர் வருது, எல்லாரும் ஓரம் போங்க!” என்று கத்துவேன்.

“வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகல உனக்கு. எந்திரி, குளிக்கணும்” என்பாள்.

அவள்தான் என்னைத் தூக்குகிறாள், குளிப்பாட்டுகிறாள், உடை மாற்றுகிறாள். அதற்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டிவிட்டேன். வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் மட்டும் நாற்காலியில் அவள் கை படக்கூடாது. அது என் சட்டம். அவள் பின்னாலேயே வருவாள். மேட்டில் நான் மூச்சு வாங்கும்போது அவள் கை துறுதுறுப்பது எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

ரெக்கார்டிங் அண்ணன் அழைத்தது போன வாரம். எத்தனையோ வருடமாக என் நடையைப் பதிவு செய்தவர். “புதுப் படம் ஒண்ணு வந்திருக்கு. நீ வந்து பண்ணு. கையில செருப்பை மாட்டிக்கிட்டுப் பண்ணலாம்ல?” என்றார். இயக்குநர் சிரித்தாராம். நடக்க முடியாதவள் நடக்கிற சத்தம் போடப் போகிறாளா என்று கேட்டாராம். அண்ணன் விடவில்லை. கடைசியில் ஒரு ரீல் கொடுத்தார்கள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு இயக்குநர் வந்து கேட்பார். பிடித்தால் முழுப் படமும் எனக்கு. பிடிக்காவிட்டால் வேறு ஆள் வருவார், அதன்பிறகு என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அண்ணன் அதை மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

முதல் நாள் காலை ஸ்டுடியோவுக்கு எதிர்ப்புறம் நின்றேன். அக்கா கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று நாற்காலி தானாக நகர்ந்தது. ஒரு நல்ல மனிதர், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் என்னைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துவிட்டார். “ஐயா! ஐயா!” என்று நான் கத்தியதை நன்றி என்று நினைத்துக்கொண்டார்போல. “பரவாயில்லம்மா, மனுஷனுக்கு மனுஷன் இதுகூடச் செய்யலைன்னா எப்படி?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாலைக்கு அந்தப் பக்கம் அக்கா பாட்டிலோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் புதுக் காவலாளி. என் தலைக்கு மேலாக அக்காவைப் பார்த்து, “இவங்க எங்க போகணும்?” என்றார்.

“இவங்களுக்கு வாய் இருக்கு, இவங்களையே கேளுங்க” என்றேன்.

அவர் மறுபடியும் அக்காவைத்தான் பார்த்தார். “கோவக்காரங்களோ?”

“ரொம்ப” என்றாள் அக்கா.

உள்ளே இயக்குநர் இருந்தார். குனிந்து, கைக்குழந்தையிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக, “நீங்க... எங்களுக்கெல்லாம்... ஒரு இன்ஸ்பிரேஷன்மா” என்றார். அன்று காலையில் நான் செய்த ஒரே காரியம் டீ குடித்தது. அதில் என்ன இன்ஸ்பிரேஷன் கண்டாரோ. ஆனால் வேலை வேண்டுமே, சிரித்து வைத்தேன்.

அக்காவை வீட்டுக்குப் போகச் சொன்னேன். “போறேன் போறேன்” என்றாள். அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அறையின் கதவு மூடினால் வெளி உலகம் அப்படியே அணைந்துபோகும். தன் ரத்தம் காதில் ஓடுவதுகூடக் கேட்கும். தரையில் வரிசையாக என் பழைய சிநேகிதர்கள்: மணல் நிரப்பிய தொட்டி, ஜல்லித் தொட்டி, சிமென்ட் பலகை, தேக்குப் பலகை. சுவர் அலமாரியில் இருநூறு ஜோடிச் செருப்பு. திரையில் வெளிச்சம் வந்து, அதில் மனிதர்கள் சத்தமில்லாமல் நடமாட ஆரம்பித்ததும் எனக்கு வழக்கம்போல் அரைத் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம் வந்தது. நான் போய்விட்ட காலத்திலும் இந்த அறை இப்படியே இருந்திருக்கிறது. அழுகை வந்தது, விழுங்கிக்கொண்டேன். நாற்காலி கிறீச்சிடும் என்பதால் பிரேக்கைப் போட்டுவிட்டு, கைகளை ஊன்றி நானே தரையில் இறங்கி உட்கார்ந்தேன். இரு கைகளிலும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, என் கைகள் நன்றாகவே நடந்தன. ஆபீஸ் வராண்டாவில் ஹைஹீல்ஸ், மாடிக்கு ஓடும் குழந்தை, ஜல்லியில் இரண்டு போலீஸ்காரர்கள். இரண்டு நாள் நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்றே தெரியாமல் திரைக்குள்ளேயே கிடந்தேன். அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மிஞ்சியது ஒரே ஒரு காட்சி. வீடு முழுக்கத் தூங்குகிறது. வேலை முடிந்து நேரம் கழித்து வரும் பெண், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் மரப்படி ஏறி அறைக்குப் போகிறாள். இசை கிடையாது, வசனம் கிடையாது, அவள் கால் மட்டும்தான்.

அங்கே என் கை தோற்றுப்போயிற்று. ஓங்கி வைக்கும் அடியைக் கையால் செய்துவிடலாம். வைக்காமல் தாங்கிப் பிடிக்கும் அடிக்கு ஓர் உடம்பு வேண்டும். முழு எடையும் மேலே நின்று, கீழே இறங்கத் தயங்க வேண்டும். உள்ளங்கையால் செய்தேன். சாக்ஸ் போட்டுச் செய்தேன். மணிக்கட்டில் மணல் பையைக் கட்டிக்கொண்டு செய்தேன். ஒவ்வொரு முறையும் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். என் ஹெட்போனிலும் அதேதான் கேட்டது. யாரும் நடக்கவில்லை, ஏதோ பொருள் விழுந்துகொண்டிருந்தது. மணி மூன்றரை. இருபத்து மூன்றாவது தடவையில் மணல் பை இழுத்து நான் குப்புறச் சாய்ந்தேன். ஜல்லித் தொட்டி கவிழ்ந்தது.

கதவு திறந்தது. அக்கா.

“ஐயோ, என்னடி இது கோலம்?” என்று ஓடி வந்து என்னைத் தூக்கினாள். மணிக்கட்டில் கயிறு இறுகி ரத்தம் கட்டியிருந்தது. அதைப் பார்த்தாள். “எதுக்குடி இப்படி? நான் நடக்கறேன். இப்படி நடன்னு சொல்லிக்குடு. என் காலாவது உனக்கு உதவட்டுமே.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “நீயா? நீ நடந்தா தியேட்டர் இடிஞ்சு விழும்! குளிப்பாட்டுற, தூக்குற, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்ட. எனக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். இதையாவது விட்டு வை!”

சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன பிரயோஜனம்? அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. “சரி, நான் வெளியில இருக்கேன்” என்று மட்டும் சொன்னாள். திரும்பி நடந்தாள்.

கழுத்தில் கிடந்த ஹெட்போனை எதற்காகவோ காதில் வைத்தேன். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கும் அணையவில்லை. தேக்குப் பலகை மேல் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள், கனமான பெண், தன் கனத்தைக் கையில் பிடித்துக்கொண்டதுபோல் அவ்வளவு மெதுவாக. நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனும் எழுந்து நின்றிருந்தார்.

“அக்கா, நில்லு. ஏன் இப்படி நடக்கற?”

“சிவப்பு லைட் எரியுதுல்ல? சத்தம் போட்டா கெட்டுப்போகும்னு நீதானே சொன்ன.”

அண்ணன் ஸ்பீக்கரில், “ஒரே ஒரு தடவை பாத்துடலாம்மா” என்றார். கெஞ்சுவதுபோல் இருந்தது. வேலையை விட்டுக்கொடுக்கிறேனா, வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறேனா என்று யோசிக்க நேரம் இல்லை.

“செருப்பைக் கழட்டு” என்றேன். “திரையில இருக்கற பொண்ணைப் பாரு. வீடு தூங்குது. யாரும் எந்திரிக்கக் கூடாது. அதுக்கேத்த மாதிரி நட.”

“இதெல்லாம் எனக்குத் தெரியும்” என்றாள் அக்கா. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

விளக்கு அணைந்தது. திரையில் அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். அக்கா பலகையில் கால் வைத்தாள்.

முதலில் பாதத்தின் வெளி ஓரம். பிறகு விரல்கள். குதிகால் கடைசிவரை இறங்கவே இல்லை. இரண்டு அடி, ஒரு நிறுத்தம், யாராவது புரண்டார்களா என்று கேட்பதற்கு. மறுபடி இரண்டு அடி. வலது கால் மட்டும் கொஞ்சம் அவசரக்காரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடக்கூடாது, திரையைப் பார்க்க வேண்டும், ஆனால் மூடிக்கொண்டேன். யாருடைய நடை இது? ரொம்ப வேண்டியவள் யாரோ என் காதுக்குள்ளேயே ஏறி வந்துகொண்டிருந்தாள், அவளுக்கு உடம்பு இருந்தது, எடை இருந்தது, களைப்பு இருந்தது, யார் என்று மட்டும் பிடிபடவில்லை. படி ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது அடி விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. வெறும் இடம். அதைத் தாண்டி நான்காவது.

அது நான்.

வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தியும் வந்துவிட்டது, ஒரு கேவல்.

“கட்” என்றார் அண்ணன். “யாரோ அழுத சத்தம் வருது. அதோட படியில ஒரு அடி விட்டுப்போச்சு.”

அக்கா பயந்துபோய் நின்றாள். “அந்தப் படி கத்தும்டி. நம்ம வீட்டு மாடிப்படியில மூணாவது. நீ அதுல கால் வைக்கவே மாட்டியே, தாண்டித்தானே போவ. அதான் நானும்...”

“அது உனக்கு எப்படித் தெரியும்? நான் ராத்திரி வேலை முடிஞ்சு வர்ற நேரம் நீ தூங்கிட்டுல்ல இருப்ப?”

“நீ வீடு வந்து சேராம எனக்கு எங்கடி தூக்கம்?” என்றாள். “நீ மேல போய் உன் ரூம் கதவைச் சாத்தினப்புறம்தான் நான் திரும்பிப் படுப்பேன். அந்தப் பதினோரு வருஷமும் அப்படித்தான்.”

“ஒரு நாள்கூடச் சொல்லலையே.”

“எங்களை எழுப்பக் கூடாதுன்னு நீ அவ்வளவு கஷ்டப்பட்டு நடந்து வருவ. அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்? தூங்கற மாதிரி கெடப்பேன்.” முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். நான் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஸ்பீக்கரில் அண்ணன் தொண்டையைச் செருமினார். “மணி நாலேகால்.”

“அக்கா” என்றேன். “இந்தப் பொண்ணு வீட்டுல மூணாவது படி கத்தாது. அதுலயும் கால் வை. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

“அப்படியேன்னா?”

“நான் நடந்த மாதிரியே.”

சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா இருட்டில் பலகைக்குப் போய் நின்றுகொண்டாள்.

“நீ அழாம இருக்கணும்” என்றாள்.

“நீ நட” என்றேன்.