தப்பியோடியவரின் கடைசி எழுத்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. வியாழக்கிழமை காலை செய்தித்தாளைப் படித்துவிட்டு, "இடிச்சுட்டு ஓடியிருக்கான் பாரு, படுபாவி" என்று உச்சுக்கொட்டினேன். பிறகு பக்கத்தைத் திருப்பி ராசிபலன் படித்தேன். அந்தப் படுபாவி, என் புத்தகத்துக்குப் பிழை திருத்தும் அக்காவின் தம்பி என்று மறுநாள்தான் தெரிந்தது.

செய்தி இதுதான். அவசரமில்லாமல் படியுங்கள்:

"பணியாளர் வேன் மோதி முதியவருக்குக் கால் முறிவு. ஓட்டுநர் தப்பியோடினான்."

2

கதையை இப்படித் தொடங்கினேன்: மழை விடாமல் பெய்துகொண்டிரு— (அன்று மழையே இல்லை. பழக்கதோஷம்.)

மறுபடி: அச்சகத்தின் பின்னறையில், ஜன்னலோர மேசையில், சிவப்புப் பேனாவோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். (என்னைவிட எட்டு வயது மூத்தவர். நேரில் 'வாங்க, போங்க' என்பேன். கதை என்று வந்தால் மட்டும் எனக்கு மரியாதை கெட்டுப்போகிறது. உட்கார்ந்திருந்தார்.) அவர் முன்னால் என் புத்தகம் இல்லை, அந்தச் செய்தி இருந்தது. இரண்டு இடங்களில் சிவப்பு மை. 'தப்பி' அடிக்கப்பட்டிருந்தது. கடைசி 'ன்' அடிபட்டு, அதன் தலைமேல் 'ர்' ஏறியிருந்தது. ஓட்டுநர் ஓடினார்.

"ஓடினது நெஜம்தான்," என்றார் அக்கா. "தெருமுனையில கிளினிக் இருக்கு. டாக்டரைக் கூட்டிட்டு வர ஓடினான், கால்ல செருப்புகூட இல்லாம. போலீஸ் வந்தப்போ அந்தப் பெரியவர் தலை இவன் மடியிலதான் இருந்துச்சு."

(அக்கா சொல்லும் 'ன்' வேறு, அது பாசம். செய்தித்தாள் எப்போது அவனுக்கு அக்காவானது?)

"டாக்டர் இதைச் சொல்லலையா?"

"யாரு கேட்டா?"

திங்கட்கிழமை கம்பெனியில் விசாரணை. கோப்பில் முதல் தாளே அந்தச் செய்திதான். "பேப்பர்லயே வந்துடுச்சேப்பா" என்று தம்பியிடம் போனில் சொன்னாராம் மேலாளர். வேலை போனால், இந்தப் பெயரோடு வேறு யாரும் வண்டிச் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். செய்தி வந்ததிலிருந்து தம்பி வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

3

அதே பக்கத்தில் இன்னொரு விபத்து. "நிறுவன இயக்குநரின் கார் தடுப்புச்சுவரில் மோதியது. அவர் அங்கிருந்து புறப்பட்டுச் சென்றார்."

கார் தானாகவே போய் மோதியிருக்கிறது. இவர் பாவம், புறப்பட்டுச் சென்றிருக்கிறார்! இரண்டு பேருக்கும் இரண்டு கால்தான். இதையும் அன்று காலை நான் படித்தேன், எனக்கு ஒன்றுமே உறுத்தவில்லை. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. பாதி எரிச்சல் என்மேல்தான்.

4

அன்று மதியமே அக்கா அந்தத் தாளோடு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். துணையாசிரியர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"நேர்ல பார்த்தவங்களைக் கேட்டுத்தாம்மா எங்க நிருபர் எழுதினார். டிரைவர் ஓடினதைப் பார்த்திருக்காங்க."

"திரும்பி வந்ததைப் பார்த்தவங்களைக் கேட்டீங்களா?"

"ஒரு நாளைக்குப் பதினோரு செய்தி எழுதறார்மா. எத்தனை பேரைத்தான் கேட்பார்?"

"பதினோரு பேரை."

[இங்கே அவரை ஒரு கொடுமைக்காரராக எழுதப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். பிறகு மழித்துவிட்டேன். அவர் களைத்துப்போன, நல்ல மனிதர். அதனால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமாக வருகிறது.]

அவர் சிவப்பு மையைப் பார்த்தார். "நாளைக்கே திருத்தம் போட்டுடறேம்மா."

போட்டார். சனிக்கிழமை, பதினோராம் பக்கம், மெத்தை விளம்பரத்துக்குக் கீழே:

"'ஓட்டுநர் தப்பியோடினான்' என்று வெளியானதை 'தப்பியோடினார்' எனத் திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறோம்."

மரியாதையைக் கொடுத்துவிட்டார்கள். பொய்யை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அதைப் படித்துவிட்டு அக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

5

முடிவு ஒன்று: விசாரணைக்கு டாக்டர் வருகிறார், நடந்ததைச் சொல்கிறார், மேலாளர் எழுந்து நின்று—

(அக்கா போய்க் கூப்பிட்டதும், "வரப் பாக்கறேன்" என்று டாக்டர் சொன்னது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: வேலை போகிறது. தம்பி அந்தச் செய்தியை மடித்துச் சட்டைப்பையில்—

(இதுவும் தெரியாது. தெரியாததை எழுதினால் எனக்கும் அந்த நிருபருக்கும் என்ன வித்தியாசம்?)

முடிவைச் சொல்லவில்லையே என்று என்னிடம் சண்டைக்கு வருவதற்குமுன் ஒரு கேள்வி. முதல் பகுதியில் அந்தச் செய்தியை அவசரமில்லாமல் படிக்கச் சொன்னேன். எங்கே ஓடினார் என்று கேட்டீர்களா? நானும் கேட்கவில்லை.

6

திங்கட்கிழமை காலை பத்து மணி. கம்பெனி வராந்தாவின் பெஞ்சில் அக்காவும் நானும். டாக்டர் இன்னும் வரவில்லை. தேய்த்த சட்டையோடு, தலை நிமிர்ந்தபடி தம்பி எங்களைத் தாண்டி விசாரணை அறைக்குள் போனதும் கதவு மூடியது. என் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். அதை மட்டும் நோட்டில் ஒரு வரியாக எழுதினேன்.

அக்கா நோட்டை வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். கடைசி எழுத்தை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை நீங்க போடாதீங்க சார். படிக்கறவங்க போடட்டும்."

தலை நிமிர்ந்தபடி, ஓட்டுநர் விசாரணை அறைக்குள் நுழைந்தா