பச்சை மையில் ஒரு ‘விரைவில்’

மேலவையில் கேள்வி நேரம் வந்தால் சுருக்கெழுத்தம்மாவுக்கு இறக்கை முளைத்துவிடும். மூலை மேசையில் பத்து நிமிடம் அவள் எழுதுவாள். அடுத்த பத்து நிமிடம், அவள் தம்பி என்று கூப்பிடும் நரைத்த தலைக்காரர். இருபத்திரண்டு வருடமாக எல்லோர் பேச்சையும் எழுதியவளின் குரலை அந்த அவை ஒருநாளும் கேட்டதில்லை. எழுதுகிறவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

அன்று காலை, முன்பு நர்சாக இருந்த உறுப்பினர் எழுந்து, மலையூர்களுக்குப் பிரசவ வார்டு எப்போது வரும் என்று கேட்டார். அமைச்சர் அவசரத்தில் மைக்கைப் போடாமலே பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒலிப்பதிவில் ஒன்றும் விழவில்லை. அவள் நோட்டில் விழுந்துவிட்டது.

பேசியவர்களுக்கு நகல் அனுப்பித் திருத்தி வாங்குவது அங்கே வழக்கம். வாக்கியக் கோணலை நிமிர்த்தலாம். சொன்னதை மாற்றக் கூடாது. அமைச்சரின் நகல் மத்தியானம் திரும்பி வந்தபோது, ‘இந்த வருஷக் கடைசிக்குள்’ அடிபட்டுக் கிடந்தது. அதன் தலைமேல் பச்சை மையில் ‘விரைவில்’ உட்கார்ந்திருந்தது. விரைவிலாம்! அதை நம்பி எந்தப் பிள்ளை வயிற்றுக்குள் காத்திருக்கும்?

நகலைக் கொண்டுவந்த அமைச்சரின் உதவியாளர் தேனொழுகப் பேசினார். ஒலிப்பதிவே இல்லாதபோது ஒரு நோட்டை யார் கேட்கப்போகிறார்கள், பிடிவாதம் பிடித்தால் பழைய கோப்பு அறைக்கு மாற்றல் வரும் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளையே கரண்டி பிடிக்கச் சொன்னார். அவளுக்குப் பயம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் திருத்தத்தை ஏற்காமல் அந்த நகலை அப்படியே அவைத் தலைவரிடம் அனுப்பிவிட்டாள்.

மாலை விவாதத்தில் நர்ஸம்மா வார்டை நினைவுபடுத்த, அமைச்சர் நாள் எதுவும் சொல்லவே இல்லை என்று சாதித்தார். தலைவர் பச்சை மை நகலை ஒருமுறை பார்த்துவிட்டு மூலைப் பக்கம் திரும்பினார்.

“நோட்டு இருக்காம்மா? எழுந்து படிங்க.”

அவள் எழுந்து, காலைப் பக்கத்தைப் புரட்டிப் படித்தாள்.

“பத்து மணி நாப்பத்தோரு நிமிஷம். அமைச்சர்: ‘இந்த வருஷக் கடைசிக்குள்ள வார்டத் திறந்துடுவோம்.’ உறுப்பினர்: ‘நிச்சயமா?’ அமைச்சர்: ‘என் வார்த்தைய நம்புங்க.’”

அமைச்சரின் கட்சிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அவர் எழுந்து, சொன்னது சொன்னதுதான், வருடக் கடைசிக்குள் வார்டு திறக்கும் என்றார். இந்தத் தடவை மைக் போட்டிருந்தது. நோட்டில் உள்ளதே அவையின் பதிவு என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். மாற்றல் பேச்சைப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அவை கலைந்ததும் தம்பி ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார்.

“பேசினவங்களுக்கு நகல் குடுக்கணும்ல, அக்கா? திருத்தம் இருந்தாப் போடுங்க.”

தன் பேச்சைத் தாளில் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல்தடவை. கடமைக்கு ஒருமுறை படித்தாள், ஆசைக்கு இன்னொரு முறை படித்தாள். அடியில் ‘திருத்த ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.