பேச்சுத்துணை

கிர்கோல்ம் மேட்டுக்குக் கீழே போலந்துக் குதிரைப்படை பாய்ந்து வந்தபோது, தாவெட்டி என்ற இளைஞன் நின்ற ஈட்டி வரிசை ஓர் உலை கொதிக்கும் நேரம்கூடத் தாங்கவில்லை. சுவீடன் ராஜாவின் படைக்கென்று பின்லாந்தில் அவன் ஊரிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் அவனோடு சேர்த்து ஆறு பேர். அவன் அண்ணன் உட்பட மற்ற ஐந்து பேரும் அவன் கண்முன்னே விழுந்தார்கள். ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

சுவீடன் மொழியில் அவனுக்குத் தெரிந்தது 'நட', 'நில்', 'குத்து', அவ்வளவுதான். செத்தவர்களைப் பற்றித் தன் மொழியில் வாய்விட்டுச் சொல்லக்கூட இனி ஆளில்லை.

இரண்டு நாள் தௌகவா ஆற்றங்கரை நாணலுக்குள் கிடந்தான். மூன்றாம் நாள் காலை, மீன்பிடிக்கும் லிவோனியப் பெண் கேர்ஸ்டி அவனைக் கண்டு துடுப்பை ஓங்கினாள். "ரொட்டி" என்று தன் மொழியில் கெஞ்சினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவளுக்கும் அது ஏறக்குறைய அதே சொல்.

"யாருடா நீ? எங்க பேச்சு மாதிரி பேசுற?"

"கடலுக்கு அந்தப் பக்கம்க்கா."

"உங்க ஆளுங்கதான் என் பசுவ அறுத்துத் தின்னாங்க. ருசியா இருந்துச்சா?"

"எனக்கு எலும்புதான் கெடச்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுத்த ரொட்டியும் புகையில் வாட்டிய மீனும் கொடுத்தாள். தின்றுகொண்டே பேசினான். ஐந்து பேரில் எவன் நன்றாகப் பாடுவான், எவனுக்குப் புதிதாய்ப் பிள்ளை பிறந்திருக்கிறது என்றெல்லாம். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. வலையைச் சிக்கெடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்கயே இருந்துடட்டுமாக்கா? வெறகு பொளப்பேன், வல இழுப்பேன்" என்றான்.

"போலந்துக்காரனுங்க வீடு வீடாத் தேடுறானுங்க. ஒன்ன வச்சிருந்தா என் கூரையில தீ வைப்பானுங்க. படகுல படு, வாயத் தொறக்காத."

வலையால் மூடி, ஆறு கடலில் சேரும் இடம்வரை கொண்டுபோனாள். சுவீடன் கப்பல்கள் பாய் விரித்துக்கொண்டிருந்தன.

"போ. செத்தவங்க வீட்டுல போய்ச் சொல்லு" என்றாள்.

கப்பலில் ஏறியதும் ஒருவன் ஏதோ கத்தினான். தாவெட்டிக்குப் புரியவில்லை. காட்டிய மூலையில் உட்கார்ந்தான். ஸ்டாக்ஹோமில் இறக்கி வேறொரு படையில் சேர்த்தார்கள். ஊர் திரும்ப நாலு வருஷம் ஆயிற்று. ஐந்து வீடுகளில் இரண்டில் ஆளே இல்லை. அண்ணி வேறொருவனைக் கட்டியிருந்தாள். அண்ணன் விழுந்த கதையை வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டு, "சரி" என்றாள். அவன் தன் வீட்டுக்கு நடந்தான்.