ஒரு சாண் டேப்

பெயர், வயது, இறந்த நேரம், உறவு என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தவரின் பேனா ஆறாவது கட்டத்தில் நின்றது. 'இறுதியில் ஒலிக்க வேண்டிய பாடல்' என்று அச்சடித்திருந்தார்கள். கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் 'ஏதாவது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார்.

எரியூட்டுக் கூடத்தின் அலுவலகப் பெண் அதைப் படித்துவிட்டு, அவரை விட்டுவிட்டு அவர் மகளைப் பார்த்தாள். மகள் தாளை எட்டி வாங்கினாள்.

"ஏதாவதுன்னா என்னப்பா?"

"எதப் போட்டாலும் சரின்னு."

"உங்களுக்கு எதப் போட்டாலும் சரிதான். இது அம்மாவுக்கு."

அவர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஒரு சின்ன முனகல். பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு மாதம் தாங்கினால் பெரிது. முப்பத்து நான்கு வருடம் லிப்ட் பழுதுபார்த்த காது அது. நேற்றுக் காலையும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் மனைவியின் உடலை இறக்கிய லிப்ட் தரைத்தளத்தில் அரை அங்குலம் மேலே நின்றுவிட, சக்கரக் கட்டில் ஒரு குலுங்கு குலுங்கியது. அவர் லிப்ட் ஆளைக் கூப்பிட்டு அதைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுத முகத்தோடு பார்த்தாள். அவர் இன்னும் அழவில்லை.

"மாமா வரட்டும். அவருக்குத் தெரியும்" என்றாள் மகள்.

மாமா வந்தார். மனைவியின் தம்பி. சொந்தத்தில் அவருக்குப் 'பாட்டு மாமா' என்றுதான் பெயர். எந்தப் பாட்டை எந்த வருடம் யார் பாடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார், எழுப்பாவிட்டாலும் சொல்லுவார்.

"நாலு பாட்டு எடுத்து வச்சிருக்கேன்" என்றார், செல்போனை நீட்டி. "அக்காவுக்கு எதுன்னாலும் புடிக்கும். அத்தான்கிட்டயா போய்க் கேட்ட? கழுதைக்குத் தெரியுமா..."

பாதியில் விழுங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருடமாகச் சொல்லிவரும் பழமொழியை அவர் முடிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. அக்கா இருந்தால் உடனே பதில் வந்திருக்கும்: "அந்தக் கழுதைதான்டா குடும்பத்தச் சுமக்குது. நீ கற்பூரத்தக் கட்டிக்கிட்டு அழு." இப்போது அந்த இடத்தில் மின்விசிறி மட்டும் முனகியது.

பாட்டு பிடிக்காது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பெண் பார்க்கப் போனபோது அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். "பாட்டு புடிக்குமா?" பொய் சொல்லியிருக்கலாம். "புடிக்காதுன்னு இல்லைங்க. கேட்டா எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல" என்றார். அவள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டாள். கல்யாணமான முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு பாட்டாகப் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். அவரும் பாவம், முயன்றார். சத்தம் கேட்டது, வார்த்தை புரிந்தது, மற்றவர்கள் தலையாட்டும் இடம்கூடத் தெரிந்தது. அவ்வளவுதான், பக்கத்து வீட்டு விசேஷம்போல அது அங்கேயே நடந்து அங்கேயே முடிந்தது. கடைசியில் அவளே சிரித்துவிட்டாள். "விடுங்க. உங்களுக்கும் சேத்து நானே கேட்டுக்கறேன்."

அதில் அவருக்குக் குறை இருந்ததில்லை. நேற்றிலிருந்துதான் ஒரு பயம். பாட்டுக்கு ஒன்றும் ஆகாதவனுக்குச் சாவுக்கும் ஒன்றும் ஆகாதோ? எல்லோரும் அழுதபோது, அழ வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்தது, அழுகை வரவில்லை. இப்படியே அவளை அனுப்பிவிட்டால் பிறகு எப்போதும் வராது என்று தோன்றியது.

"ஒரு பாட்டு இருக்கு" என்றார் திடீரென்று.

மகள் நிமிர்ந்தாள். "எது?"

"பேர் தெரியாது. துணி தேய்க்கும்போது போடுவா. நடுவுல டக்குனு நிக்கும். அம்மா ஒரு வரி பாடுவா. மறுபடி டக்குனு ஓடும்."

"நடுவுல நிக்கற பாட்டா? எந்தப் பாட்டுப்பா நடுவுல நிக்கும்?"

அவர் அப்போது இரவுப் பணி. காலையில் வந்து உள்ளறையில் படுப்பார். மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். கூடத்தில் மனைவி சலவைக் கடையிலிருந்து வந்த சட்டைகளைத் தேய்ப்பாள், காலைக்கு நாற்பது சட்டை. டேப் ரிக்கார்டர் ஓடும். அவருக்கு அது தூக்கத்தைக் கெடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை. ஆனால் ஒரு பாட்டு வரும்போது மட்டும் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்கும். நாலு எட்டு காலடி. டக். பிறகு அவள் குரல், ஒரே ஒரு வரி. மறுபடி டக். முதல் தடவை, அவள் தன்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்து அவர் உள்ளேயிருந்து பதில்கூடச் சொன்னார். தேய்க்கத் திரும்பிய பிறகும் அவள் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டைக் காலர் கருகிப்போனது.

"என்ன வரி அத்தான்?" என்றார் பாட்டு மாமா.

"மழை விட்டதும் போகலாம், இரு."

"அட, இதா!" மாமாவின் விரல் செல்போனில் ஓடியது. "இதச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தா?"

பாட்டு ஒலித்தது. அலுவலகப் பெண்கூட வேலையை நிறுத்திக் கேட்டாள். இரண்டு நிமிடம் போனதும் அந்த வரி வந்தது, யாரோ ஒருத்தியின் குரலில், வழவழவென்று. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"இது இல்ல" என்றார் அவர்.

"இதான் அத்தான். இது ஒண்ணுதான் இருக்கு உலகத்துல."

"நிக்கலியே."

"எதுக்கு நிக்கணும்? பஸ்ஸா இது?"

மகள் தாளில் அந்தப் பாட்டின் முதலடியை எழுதப் போனாள். அவர் கையை வைத்து மறைத்தார். அவளுக்குக் கோபம் பொங்கியது. "அப்பா, உங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நேத்துலேர்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. இப்ப எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

அவர் கையை எடுக்கவில்லை. அலுவலகப் பெண்தான், "ரெண்டு மணிக்குள்ள சொன்னாப் போதும் சார். உங்க நேரம் நாலு மணிக்குத்தானே" என்றாள்.

வீட்டில் தேய்ப்பு மேசை விரித்தபடியே இருந்தது. அதன் மேல் ஐந்து சட்டை மடித்தும் ஆறாவது பாதி மடித்தும் கிடந்தன. டேப் ரிக்கார்டர் அலமாரியில், எட்டினால் கை படும் உயரத்தில் இருந்தது. போனில் எல்லாப் பாட்டும் ஏற்றித் தருகிறேன் என்று மகள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "இதுவே போதும்டி" என்று அம்மா ஒரே பிடியாக இருந்துவிட்டாள்.

கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. மகள் ஒவ்வொன்றாக எடுத்து, உறையில் அம்மா எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டே வந்தாள். பதினோராவது கேசட்டில் அந்த முதலடி இருந்தது. முதல் பக்கம், மூன்றாவது பாட்டு.

"இருக்கு. போடவா?"

"இப்படிக் குடு."

அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மிஷின் எதுவானாலும் ஓட்டுவதற்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் பழக்கம். பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி மெதுவாகச் சுற்றினார். பழுப்பு நாடா வழுக்கிக்கொண்டே போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் துண்டு வந்து நின்றது. செல்லோ டேப்பால் ஒட்டிய ஒட்டு. இரண்டு முனையும் சாய்வாக வெட்டி, ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் பொருத்தியிருந்தது. அது யார் கைவேலை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மகள் பள்ளியில் சேர்ந்த வருடம். டேப் ரிக்கார்டர் நாடாவைத் தின்றுவிட்டது என்று மனைவி பதறிக்கொண்டு வந்து எழுப்பினாள். அவர் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்து, சிக்கை எடுத்து, கசங்கிப்போன ஒரு சாண் நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டிக் கொடுத்தார். போட்டுப் பார்த்தாள். "ஏதும் போயிடலயே?" என்று கேட்டார். "ஒண்ணும் போகல" என்றாள். அவர் மறுபடி படுத்துக்கொண்டார்.

"போடு" என்றார் இப்போது.

மகள் போட்டாள். மூன்றாவது பாட்டு ஓடியது. மழையைப் பற்றி என்னவோ பாடிக்கொண்டு வந்த குரல், வரியின் நுனியில் சின்னதாக ஒரு தத்துத் தத்தி, அடுத்த வரிக்குப் போய்விட்டது.

மகள் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். "அப்பா, அந்த வரியே இதுல இல்ல."

"தெரியும்."

"அப்ப நீங்க கேட்டது?"

"நான்தான் வெட்டினேன்" என்றார். "ஒரு சாண். அஞ்சு செகண்ட் வரும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் வெட்டுனத அவ தினமும் எழுந்து போயி, நிறுத்திட்டு, தானே பாடி அடைச்சிருக்கா. பட்டன்ல கோளாறுன்னு நான் நினைச்சேன். பிரிச்சுப் பாக்கறேன்னுகூடச் சொன்னேன். 'அது ரிப்பேர் இல்ல, விடுங்க'ன்னா."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு தேய்ப்பு மேசையில் பாதியில் கிடந்த சட்டையை எடுத்து மடித்து முடித்தாள்.

"போன்ல முழுசா இருக்குப்பா. அதையே போடலாம். இப்பவாவது அம்மா முழுசாக் கேக்கட்டும்."

"அது யாரோ பாடறது" என்றார் அவர்.

நாலு மணிக்கு அவர் டேப் ரிக்கார்டரைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எரியூட்டுக் கூடத்துக்குள் வந்தார். அலுவலகப் பெண் அதைப் பார்த்துவிட்டு, சுவரில் பிளக் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினாள். இருபது, இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். சலவைக் கடைக்காரர் முன்வரிசையில் இருந்தார். மனைவி பெட்டிக்குள் கண்மூடியிருந்தாள். அவளுடைய வலது பெருவிரல் ஓரத்தில் தேய்ப்புப்பெட்டி சுட்ட பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, பெட்டியின் தலைமாட்டில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு டேப் ரிக்கார்டரை வைத்தார். உட்காரவில்லை. அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"எதுக்கு அத்தான் இந்தப் பழசு?" என்று பாட்டு மாமா காதருகில் கேட்டார். "அழகா இருக்கு, போன்ல..."

"இருக்கட்டும் மச்சான்."

பாட்டு தொடங்கியது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். சலவைக் கடைக்காரர் தலைகுனிந்து மெல்ல ஆட்டினார். டேப் ரிக்கார்டர் பக்கத்தில் நின்ற அவருக்கு வழக்கம்போல மோட்டார் ஓடுவது கேட்டது, பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருப்பது கேட்டது, பாட்டும் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்பது தெரிந்ததுதான். நாடா போகும் சின்னக் கண்ணாடி ஜன்னலைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்திருந்தார்.

வெள்ளை ஒட்டு வந்தது. டக்.

கூடம் நின்றுபோனது. அவர் எண்ணினார். லிப்ட் கதவு எத்தனை விநாடி திறந்திருக்க வேண்டும் என்பதை ஆயிரம் தடவை எண்ணிச் சரிசெய்த கணக்கு அது, தப்பாது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஒருவர் இருமினார். பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"என்ன, மாட்டிக்கிச்சா?" என்று பாட்டு மாமா கண்ணைத் திறந்து எழுந்தார். "அத்தான், நான் பாக்கட்டா?"

மகள் மாமாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மாட்டல மாமா. இருங்க."

ஐந்து விநாடி எப்போதோ தாண்டியிருந்தது. அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. மறுபடி ஒருதரம் அழுத்தினால் பாட்டு ஓடும். கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது.