பதினேழாவது கோப்பை

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் வாங்கிய ஒரு திட்டு.

"ஏனுங்ணா, டீயக் குடுத்து ஒரு மணி நேரம் ஆச்சு. நல்லாருக்குதா இல்லியா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

கேட்டவள் பொற்கொடி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்துக்குள், நாற்பது வகைத் தேயிலையைக் கண்ணாடிச் சாடிகளில் அடுக்கி விற்கும் கடையில் வேலை செய்கிறவள். எடை போட்டுப் பொட்டலம் கட்டுவாள். வந்தவர்களுக்குக் கலந்தும் கொடுப்பாள். நான் சனிக்கிழமைதோறும் அங்கே ஒரு மூலையில் புத்தகத்தோடு உட்காருகிறவன். பேருந்து நிறுத்தத்துக் கடையில், பாலில் கொதித்துக் கொதித்துச் செங்கல் நிறத்துக்கு வருமே, அதற்கு மேல் தேநீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. (அதுதான் உலகத்திலேயே சிறந்தது என்று பல பேரிடம் வாதாடியும் இருக்கிறேன்.)

அன்று அவள் தந்தது, நீலகிரியில் உறைபனி விழும் ஜனவரியில் பறித்த தேயிலை. பால் இல்லை, சர்க்கரை இல்லை. வெளிறிய பொன்னிறம். ஒரு மிடறு குடித்தேன். முதலில் வெறும் வெந்நீர்தான். பிறகு நாக்கின் பின்பக்கத்தில் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து நின்றது. அது எப்படி இருந்ததென்றால், விடியற்காலையில்

[இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். "விடியற்காலையில்" என்று தொடங்கும் உவமைகள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றுகூட அந்தத் தேநீரைக் குடித்ததில்லை.]

ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தேன். அதற்குத்தான் அந்தத் திட்டு.

2

பொற்கொடிக்குச் சொற்கள் தேவைப்பட்டன. ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்லும் நிறுவனம் ஒன்று நகரத்தில் இருக்கிறது. அங்கே சுவை பார்க்கும் வேலைக்குப் பயிற்சியாளர் ஒருவரை எடுக்கப்போகிறார்கள். ஒரே ஓர் இடம். அடுத்தது எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது.

"ஒரு நாளைக்கு முன்னூறு டீங்ணா. ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காது. அதக் குடிக்கறதுக்குச் சம்பளமும் தர்றாங்களாம். இப்படி ஒரு வேல இருக்குதுன்னு எனக்கு இத்தன நாளா ஒருத்தருமே சொல்லலியே!"

குடிப்பதற்கு என்று அவள் சொன்னது பிழை. அந்தத் தொழிலின் முதல் விதியே துப்புவது. கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிட வேண்டும். ஒன்றை விழுங்கினால் அதன் ருசி தங்கி, அடுத்ததைப் பொய்யாக்கிவிடும். தேர்வில் முப்பது கோப்பைகள். நடுவில் விழுங்குகிறவர் வீட்டுக்குப் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

எட்டு சனிக்கிழமைகள் பழகினாள். வெள்ளைத் தேயிலை, பச்சைத் தேயிலை, ஊலாங், விறகுப் புகை வாடை அடிக்கும் ஒன்று, வால்பாறையின் சாதாரணத் தூள். கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று பிழையில்லாமல் சொன்னாள். ஒரே வகை, பக்கத்துப் பக்கத்துத் தோட்டம் என்றாலும் பிரித்தாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனித நாக்கு இவ்வளவு தூரம் போகும் என்று எனக்கும் ஒருவரும் சொன்னதில்லை.

அவள் கழுவுதொட்டியில் துப்புவாள். கோப்பையில் மிஞ்சியதை நான் குடிப்பேன்.

"நான் துப்பறேன், நீங்க முழுங்கறீங்க. இதுல டீ குடிக்கறது யாருங்ணா?"

ருசி தெரிந்தது; சொல்லத்தான் தயங்கினாள். "சுருக்குன்னு இருக்குதுங்" என்பாள், அல்லது "மழ விட்ட மறுநாளாட்ட இருக்குது" என்பாள். நான்தான் படிக்கிறவன் ஆயிற்றே, அழகான சொற்களாக எழுதிக் கொடுத்தேன். ஊலாங்குக்கு நான் தந்தது: "மலையின் தயக்கம்".*

* எழுதிய அன்று எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3

தேர்வறைக்குள் வெளியாட்களை விடவில்லை. நான் வாசலில், நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே, ஒரே பக்கத்தை இரண்டு மணி நேரம் படித்தேன். ஆகவே இனி வருவதில் அவள் சொன்னது பாதி, நான் எழுதியது பாதி.

வடக்கு ஜன்னலின் வெளிச்சம். நீள மேசை. முப்பது வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றின் முன்னும் எண் மட்டும். ஊர்ப் பெயர் கிடையாது. எதிரே லட்சுமிநாராயணன், அங்கே தலைமைச் சுவைப்பாளர். முப்பத்திரண்டு வருடமாகத் துப்புகிறவர். வெங்காயம், பூண்டு, பாக்கு, செண்ட் எதையும் அண்ட விடாதவர்.

நான்காவது கோப்பையில் பொற்கொடி என் சொற்களைச் சொன்னாள்.

"மலையின் தயக்கமுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினாராம். "என்னங்க அம்மணி?"

"தயக்கமுங்க. மலையோடது."

"மலை தயங்கட்டும், தயங்காமப் போகட்டும். டீ எப்படி இருக்குது? இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?"

"எங்க கடைக்கு வர்ற அண்ணா ஒருத்தருங்க. புஸ்தகம் படிப்பாருங்க."

"டீ குடிப்பாரா?"

"முழுங்குவாருங்க."

கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்களாம். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. எட்டு வாரம் பழகிய ஒரு நாக்கை என் இரண்டு சொற்கள் கவிழ்க்கப் பார்த்தன.

அதோடு அவள் என்னை உதறிவிட்டாள். ஐந்திலிருந்து பதினாறு வரை தன் பேச்சிலேயே சொன்னாள். "இது இலைய வாட்டறப்ப அவசரப்பட்டுட்டாங்க." "இது மூட்டையில ஈரம் பட்டிருக்குது." "இது நல்ல டீங்க, ஆனா பால் ஊத்துனா செத்துப்போயிரும்." லட்சுமிநாராயணன் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கினார்.

பதினேழு. கரண்டியில் எடுத்தாள். உறிஞ்சினாள். சுழற்றினாள்.

விழுங்கிவிட்டாள்.

4

ஏன்? இங்கேதான் நான் என் பாத்திரத்தைச் சந்தேகித்தேன். முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்:

அந்தக் கோப்பையில் இருந்தது, அவள் அம்மா கருப்பாத்தாள் வால்பாறையில் இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்த அதே தோட்டத்தின் தேயிலை. அம்மாவின் உழைப்பைத் துப்ப அவளுக்கு

தாளைக் கடைக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மாள எதுக்குங்ணா இதுல இழுக்கறீங்க?"

"அதுதானே காரணம்?"

"எங்கம்மா காப்பி குடிக்கறவங்க. டீ வாசமே ஆகாது."

"அப்ப ஏன் முழுங்குனீங்க?"

நூலைப் பல்லால் கடித்தாள்.

"நல்லாருந்துச்சுங்ணா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? எந்த ஊரு டீன்னே தெரியாது, நம்பர் மட்டுந்தான். வாயில போனதும் டெஸ்ட்டு மறந்துபோச்சு. எதிர்ல அவரு நிக்கறது மறந்துபோச்சு. துப்போணும்ங்கறதும் மறந்துபோச்சு. ஒரு டீ இத்தனையும் பண்ணுது. நீங்க பாட்டுக்கு எங்கம்மாளாலதான்னு எழுதிப்போட்டா, அந்த டீக்கு என்ன மரியாத?"

தாளைக் கிழித்தேன். அவள் அடுத்த பொட்டலத்தை எடுத்தாள். அன்று அவள் திட்டவும் இல்லை.

5

அவள் தொண்டை அசைந்ததை லட்சுமிநாராயணன் பார்த்துவிட்டார்.

"முழுங்கிப்போட்டீங்களா அம்மணி?"

"முழுங்கிப்போட்டேனுங்க."

"பதினெட்டு சொல்லுங்க, பாக்கலாம்."

சுவைத்தாள். துப்பினாள். "தெரியலீங்க. இன்னும் பதினேழுதான் இருக்குது வாயில."

"பத்தொம்பது?"

"பதினேழுதானுங்க."

முடிவு அ: "போய்ட்டு வாங்க" என்கிறார். விதி விதிதான். இரண்டு நாள் இதை வைத்திருந்தேன். எனக்கே என்மேல் கோபம் வந்தது.

முடிவு ஆ: அவர் பதினேழாவது கோப்பையை எடுத்து உறிஞ்சுகிறார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக விழுங்குகிறார். கண்ணில் நீர். (கண்ணீரை மறுநாள் அடித்துவிட்டேன்.) படித்ததும் கை தட்டத் தோன்றியது. அதனாலேயே இதன்மேல் நம்பிக்கை போயிற்று.

கடைசியில் அவளிடமே கேட்டேன்.

"அவரு சுத்தி வந்து அந்தக் கோப்பைய எடுத்தாருங்ணா. உறிஞ்சுனாரு. விசில் அடிக்கறாப்பல சத்தம் வரும் அவருக்கு. ஒரு டீக்கு ரெண்டே செகண்டு, துப்பிட்டு அடுத்ததுக்குப் போயிருவாரு. இதத் துப்பல."

"முழுங்கிட்டாரா?"

"அதுவும் இல்ல. வாயிலயே வெச்சிருந்தாரு, கன்னம் ரெண்டும் உப்பிட்டு, சின்னக் கொழந்தையாட்ட. போன் அடிச்சுது, எடுக்கல. ஒருத்தரு கையெழுத்துக்கு வந்தாரு, திரும்பியே பாக்கல. ஜன்னலப் பாத்துட்டே நின்னாரு. அப்பறம் என்னைய வெளிய இருங்கன்னு கையக் காட்டுனாரு. வாயத் தொறக்க முடியாதல்ல? வந்துட்டேன். கதவு சாத்திக்குச்சு."

சற்று நேரம் கழித்து ஓர் ஊழியர் வெளியே வந்து, சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இன்றோடு பதினோரு நாள்.

6

ஆக, இந்தக் கதையின் முடிவு ஒருவர் வாயில் இருக்கிறது. அவர் விழுங்கியிருந்தால் தனக்கு வேலை உண்டு என்று பொற்கொடி நம்புகிறாள். தானும் செய்த தப்புக்கு இன்னொருவரை வீட்டுக்கு அனுப்புகிற முகம் இல்லையாம் அவருக்கு. துப்பியிருந்தால் இல்லை. எழுதுகிறவன் நினைத்தால் அந்தக் கதவைத் திறந்து பார்க்கலாம். ஆனால் அந்த அறைக்குள் ஏற்கெனவே இரண்டு சொற்களாக ஒரு முறை நுழைந்தவன் நான். இன்னொரு முறை மாட்டேன்.

இன்று சனிக்கிழமை. அவள் சாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பதினேழைத் தேடிக்கொண்டிருக்கிறாள். முப்பத்தொன்பது முடிந்தது, எதுவும் அதுவல்ல. வருத்தமா என்று கேட்டேன்.

"எதுக்குங்ணா வருத்தம்? இங்க இல்லீன்னா வேற எங்கியோ இருக்குதுன்னுதானே அர்த்தம்."

நாற்பதாவது சாடி. எனக்கும் ஒரு கோப்பை வைத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் உறிஞ்சினோம். அவள் கழுவுதொட்டிப் பக்கம் திரும்பவில்லை. நானும் விழுங்கவில்லை.

மேசைமேல் அவளுடைய போன் அடிக்கிறது. திரையில் அந்த நிறுவனத்தின் பெயர். இரண்டு கன்னமும் உப்பியிருக்க, எடுங்கள் என்று எனக்குக் கையைக் காட்டுகிறாள். நான் எப்படி எடுப்பேன்?

இங்கே வாய் காலியாக இருப்பது உங்களுக்கு மட்டும்தான்.