வெண்டெல் சொன்ன திருத்தங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மடக்கு நாற்காலியிலிருந்து கிடைத்தது. கதைகள் இதைவிடக் கௌரவமான இடங்களிலிருந்து கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வாய்த்தது இதுதான்.

டிசம்பரில் கையெழுத்து நாள். நான் வேதியியல் ஆசிரியையாக இருக்கும் அமெரிக்க ஹைஸ்கூலின் நூலகத்தில் நீல விரிப்புப் போட்ட மேஜை, பலூன்கள், பள்ளிச் சின்னம் வைத்த கேக். பந்தைக் கையால் எறிந்து ஆடும் அந்த ஊர் ஃபுட்பாலைக் கல்லூரி அணிகளுக்காக ஆடப் போகும் பையன்கள் அங்கே உட்கார்ந்து, குடும்பம் பின்னால் நிற்க, கையெழுத்துப் போடுவார்கள். முந்தின நாளே இரண்டு நாற்காலிகள் போட்டு வைத்திருந்தோம். காலையில் முதல்வர் என் பக்கத்தில் வந்து நின்று, "மிஸ் வாசுகி, அதுல ஒண்ண எடுத்துடுங்க," என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. மடக்கிச் சுவரோரம் சாத்தினேன். மிச்சமிருந்த நாற்காலி ஓரமாகத் தெரிந்ததால் யாரோ அதை மேஜையின் நடுவுக்கு நகர்த்தினார்கள். பார்க்க எல்லாம் சரியாகிவிட்டது.

அப்படிச் சரியாகிவிட்டதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "தெற்கு ஜார்ஜியாவின் வெள்ளிக்கிழமை வானத்தில் டாரியன் மோப்லி எறிந்த பந்து ஒரு"

நிறுத்திவிட்டேன். அடுத்த சொல்லில் அது பறவையாகிவிடும் என்று எனக்கே தெரிந்தது.

இரண்டாவது: "ஆட்டக்காரர்களுக்குப் பணம் வந்தது, எல்லாம் கெட்டது. அதற்கு முன்"

அதற்கு முன் என்ன? பையன்கள் கூலியில்லாமல் முட்டியை உடைத்துக்கொண்டார்கள். கோச்சுகள் ஏரிக்கரையில் வீடு கட்டினார்கள். அந்த வாக்கியத்தை என்னால் நேர்மையாக முடிக்க முடியவில்லை.

ஆகவே நேராகச் சொல்கிறேன். வெண்டெல் ஹிக்ஸ் குனிந்து நின்று, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுப்பான். டாரியன் அதை வாங்கி எறிவான். பந்து தன் கையை விட்ட அடுத்த கணம், டாரியன்மேல் பாய வருகிறவர்களை வெண்டெல் தன் உடம்பால் தடுத்து நிற்பான். ஆட்டம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாத்திய கோஷ்டியும் வறுத்த வேர்க்கடலையும். சின்ன வயதிலிருந்து இருவரும் இப்படியேதான் ஆடினார்கள். என் வேதியியல் வகுப்பிலும் ஒரே பெஞ்சு.

"உன் பின்பக்கத்தப் பாத்துப் பாத்தே எனக்கு ஹைஸ்கூல் முடிஞ்சுபோச்சுடா," என்பான் டாரியன்.

"அதான் உனக்கு மார்க்கே வரல. முன்னாடி போர்டையும் கொஞ்சம் பாரு," என்பான் வெண்டெல்.

3

ஸ்டாலிங்ஸ் என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

பெரிய மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் பிடித்து வரும் உதவிக் கோச் அவர். முதல் பிரதியில் அவருக்குப் பளபளக்கும் ஷூவும் பெரிய பல்வரிசையும் கொடுத்திருந்தேன். பிறகு அடித்தேன். நிஜ ஸ்டாலிங்ஸ் களைத்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் நெஞ்செரிச்சல் மாத்திரை வைத்திருப்பார்.

டாரியனின் அம்மா லோரெட்டா வீட்டுச் சமையலறைக்கு அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். மதிப்பெண் பற்றிக் கேட்டால் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும் என்று லோரெட்டா கூப்பிட்டிருந்தாள். வெண்டெலும் இருந்தான், அந்த வீட்டில் அவன் இல்லாத ஞாயிறு கிடையாது. குழம்பில் ஊறிய பன்றித் துண்டு, கீரை, சோள ரொட்டி.

"இன்னொரு துண்டு எடுத்துக்குங்க கோச். என் வீட்டுல வந்து யாரும் அரை வயிறா எந்திரிச்சதில்ல."

"டாக்டர் வேணாங்கறாரு, மிஸ் லோரெட்டா."

"டாக்டர் இங்க இல்லையே."

எடுத்துக்கொண்டார். அப்புறம் விளம்பரப் பணத்தைப் பற்றிச் சொன்னார். முன்பெல்லாம் கல்லூரி ஆட்டக்காரன் ஒரு சட்டையில் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கினாலே வெளியே தள்ளிவிடுவார்கள். இப்போது அவன் பெயருக்கும் முகத்துக்கும் விலை உண்டு. பணக்காரப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு ரசிகர் குழு வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு வண்டி விற்கும் கடையைப் பிடித்துத் தருவார்கள். டாரியன் டிரக் ஒன்றின் மேல் சாய்ந்து சிரித்தால் போதும். அவர் சொன்ன தொகை, லோரெட்டா கோழி ஆலையில் எத்தனையோ வருஷம் நின்றால் வருவது.

லோரெட்டா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். ஆலையில் கோழி வெட்டி வெட்டி அவள் விரல்கள் மடங்காமல் போயிருந்தன. சோள ரொட்டியைக்கூட உள்ளங்கையால்தான் எடுப்பாள்.

"எனக்கு ஒரே ஒரு விஷயம்," என்றாள். "என் புள்ளைக்கு முன்னாடி குனிஞ்சு நிக்கப்போறவன் யாருன்னு தெரியணும். வெண்டெல் இல்லாம இவன் வரமாட்டான்."

"ரெண்டு பேரும்தான், மிஸ் லோரெட்டா. வெண்டெலுக்கும் முழுப் படிப்புச் செலவு. வாக்கு தர்றேன்."

கை கொடுத்தார். அவள் விரல் வலிக்காமல் கொடுத்தார். அதனால்தான் பளபள ஷூவை எடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் லோரெட்டா ஆலையில் வேலையை விட்டாள்.

(இங்கே வாசகர், "பணம் கைக்கு வருமுன் ஏன் விட்டாள்?" என்று கேட்கலாம். மடங்காத விரலோடு குளிர் அறையில் ஒரு வாரம் நின்றவர்கள் கேட்கமாட்டார்கள்.)

4

கையெழுத்து நாளுக்கு முந்தின மதியம் ஸ்டாலிங்ஸ் வெண்டெலின் அப்பா கர்ட்டிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கர்ட்டிஸ் பள்ளி வாசலில் தன் வண்டியில் இருந்தார். நான் அந்த வழியாகப் போனேன். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்தும் அணைக்கவில்லை. ஒரு சாட்சி இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"வெண்டெல் இடத்துக்கு ஒஹாயோலேர்ந்து ஒருத்தன எடுத்துட்டாங்க கர்ட்டிஸ். இருபத்தி மூணு வயசு. நாலு வருஷம் ஆடினவன். என் தலைக்கு மேல நடந்துபோச்சு."

"என் பையன் பதினெட்டு கோச். அவனுக்கும் இருபத்தி மூணு வரும்."

"முன்னெல்லாம் அப்படித்தான் பார்த்தோம். பையன் மூணு வருஷத்துல எப்படி வருவான்னு. இப்ப யாருக்கு மூணு வருஷம் இருக்கு? எனக்கே இந்த ஒரு வருஷம்தான். வெண்டெல் சொந்தச் செலவுல வந்து சேரட்டும், பயிற்சிக்கு எடுத்துக்கறேன்."

"சொந்தச் செலவா?" கர்ட்டிஸ் சிரித்தார். "உங்க வாக்கத் திருப்பி எடுத்துக்கறதுக்கு எங்கிட்டயே காசு கேக்குறீங்க."

(ஒரு சிறு கட்டுரை எழுதிப் பார்த்தேன், பாதியில் விட்டேன். சாரம் இது. ஆட்டக்காரர்கள் இப்போது வருஷா வருஷம் கல்லூரி மாறலாம். பணம் இருக்கும் கல்லூரி, தேறி வந்த ஆளை விலைக்கு வாங்கிக்கொள்கிறது. ஹைஸ்கூல் பையனை எடுத்துச் சோறு போட்டு வளர்க்க யாருக்கும் பொறுமை இல்லை. பெரிய கல்லூரிகள் கழித்துவிட்டவர்களுக்காகச் சின்னக் கல்லூரிகள் காத்திருக்கின்றன. நட்சத்திரங்களுக்கு வழி திறந்தது. வெண்டெல்களுக்கு மூடிக்கொண்டது. இது சரியா தவறா என்று தீர்ப்பெழுதத்தான் உட்கார்ந்தேன். டாரியனுக்குப் பணம் கிடைத்தது தவறு என்று என் பேனா எழுத மறுத்துவிட்டது. அவனைப் போன்ற பையன்களின் எண் போட்ட சட்டைகளை விற்று மற்ற எல்லோரும் சம்பாதித்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன்.)

அன்றே இன்னொன்றும் நடந்தது. பக்கத்து மாவட்டத்துச் சின்னக் கல்லூரி ஒன்றின் கோச், விஷயம் கேள்விப்பட்டு டாரியனுக்குப் பேசினார். அவன் வருவதானால் இருவருக்கும் இடம் தருவதாகச் சொன்னார். படிப்புச் செலவு மட்டும். விளம்பரம், டிரக் எதுவும் இல்லை.

ஆக, டாரியனின் கையில் ஒரு முடிவு இருந்தது. அவன் அம்மாவிடம் போய் நின்றான். லோரெட்டா பின்னால் என்னிடம் சொன்னது:

"'நீ உனக்குச் சரின்னு பட்டதச் செய். நான் ஆலைக்கே திரும்பப் போய்க்கிறேன்'னு சொன்னேன் மிஸ். மனசாரத்தான் சொன்னேன். ஆனா சொல்றப்ப கைய மேஜைக்கு அடியில வச்சிருந்திருக்கணும். மேல வச்சிருந்தேன்."

மாலையில் பள்ளி மைதானப் படிக்கட்டில் இரண்டு பையன்களும் உட்கார்ந்திருந்ததை ஆய்வுக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தேன். டாரியன் ஏதோ சொன்னான். வெண்டெல் எழுந்தான், அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான், போய்விட்டான். அடுத்த நாள் காலை நான் நாற்காலியை மடக்கினேன்.

அந்தப் படிக்கட்டுப் பேச்சை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் சண்டை. ஒன்றில் அழுகை. ஒன்றில் இருவரும் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். மூன்றும் நன்றாகவே வந்திருந்தன. அதுதான் எனக்கு உறுத்தியது.

5

டாரியன் போனான். விளம்பரம் வந்தது. நெடுஞ்சாலைத் திருப்பத்து விளம்பரப் பலகையில் டிரக்மேல் சாய்ந்து சிரித்தான். அந்தத் திருப்பம் தாண்டித்தான் கோழி ஆலை. வெண்டெல் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

முதல் வருஷம் டாரியன் ஆடாமல் களத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வருஷம் ஆடினான். ஒஹாயோக்காரன் அதற்குள் படிப்பு முடிந்து போயிருந்தான். அந்த இடத்தில் வேறொருவன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. என் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்:

"நேர் நடுவிலிருந்து ஒருவன் புகுந்தான். வெண்டெல் நிற்கவேண்டிய இடம் அது. காலியாக இருந்தது. டாரியனின் வலது தோள் முதலில் தரையைத் தொட்டது."

தோள் உடைந்தது உண்மை. ஜனவரியில் கல்லூரி வேறோர் எறிகிறவனை வாங்கியது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவனுக்கு ஓட்டக் கொடுத்திருந்த டிரக்கைக் கடைக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஸ்டாலிங்ஸ் அதற்கு முன்பே வேறு மாநிலம் போயிருந்தார். டாரியன் கல்லூரி மாறுவோர் பட்டியலில் பெயர் கொடுத்தான். உடைந்த தோளை யாரும் வாங்கவில்லை. வந்த பணம் வீட்டுக் கடனுக்கும், லோரெட்டாவின் கை அறுவை சிகிச்சைக்கும், அவன் எதிர்பார்க்காத வரிக்கும் போனது. சிகிச்சையில் கை பாதி தேறியது. அந்தப் பாதிக் கையோடு அவள் ஆலைக்குத் திரும்பினாள்.

அவள் நிற்கும் வரிசைக்கு இப்போது மேற்பார்வை வெண்டெல். முதல் நாளே கத்தியை அவள் கையிலிருந்து வாங்கி, அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்தில் நிறுத்தினான்.

"இது கிழவிங்க வேலைடா," என்றாளாம்.

"நீங்க என்ன குமரியா ஆன்ட்டி? ஒட்டுங்க."

6

இந்தப் பிரதியை வெண்டெலிடம் சொல்லாமல் வெளியிட மனம் வரவில்லை. ஆலைக்கு எதிரே இருக்கும் வறுவல் கடையில் அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, தமிழில் எழுதியதை அவன் மொழியில் வரிவரியாகச் சொன்னேன். அவன் மென்றுகொண்டே கேட்டான். தோள் உடையும் இடத்தில் கையைத் தூக்கினான்.

"தப்பு மிஸ்."

"எது?"

"அடி நடுவுலேர்ந்து வரல. இடப்பக்கத்துலேர்ந்து வந்துச்சு. நான் நின்னுருந்தாலும் தடுத்திருக்க முடியாது."

"கதைக்கு நடுவுலேர்ந்து வந்தா..."

"தெரியுது, எதுக்குன்னு தெரியுது. அவன் என்னை விட்டுட்டுப் போனான், அதான் அடிபட்டான்னு படிக்கிறவங்க நெனப்பாங்க. அப்படி இல்ல. மாத்துங்க."

மாற்றிவிட்டேன். மேலே நீங்கள் படித்தது மாற்றுவதற்கு முந்தின பிரதி, அது பொய். அடி இடப்பக்கத்திலிருந்து வந்தது. அது யாருக்கும் தண்டனை இல்லை. இந்தத் திருத்தத்தோடு, எனக்கிருந்த ஒரே நல்ல முடிவும் போயிற்று.

"இத இந்த ஊர்ல யாராச்சும் படிக்க முடியுமா?" என்று கேட்டான்.

"முடியாது. தமிழ் தெரிஞ்சவ இங்க நான் ஒருத்திதான்."

"டாரியன்?"

"முடியாது."

கொஞ்ச நேரம் குளிர்பானத்தில் இருந்த பனிக்கட்டியை உறிஞ்சுகுழலால் குத்திக்கொண்டிருந்தான்.

"அப்ப படிக்கட்டுல நடந்தத எழுதிக்கோங்க. அவன் சண்டையும் போடல, அழவும் இல்ல. 'நீ போகாதன்னு சொல்லு, நான் போகல'ன்னான். அவ்வளவுதான் சொன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"'போடா, உங்கம்மா கையப் பாரு'ன்னேன்."

"நல்லதுதானே சொன்ன."

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க." குழலைக் கீழே வைத்தான். "அவன் போகமாட்டான்னு நெனச்சேன் மிஸ். சொல்லிட்டு வீடு வரைக்கும் மெதுவா நடந்தேன். பின்னாடியே வருவான்னு."

மணி அடித்தது. தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு ஆலைக்குள் போனான்.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் டாரியன் கதவைத் தட்டுகிறான். இன்னொன்றில் வெண்டெல்

இல்லை.

நடப்பதை மட்டும் சொல்கிறேன். டாரியன் இப்போது ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். தினமும் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போக ஆலையின் பெரிய வாசலுக்கு வருகிறான். எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே வரும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். அம்மா ஏறி உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்க்கிறான். வெண்டெல் சரக்கு லாரிகள் போகும் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறான். லோரெட்டாவுக்கு இது தெரியும். அவள் மகனிடம் சொல்வதில்லை, வண்டியை எடு என்று அவசரப்படுத்துவதுமில்லை.

'போடா' என்று சொன்னவன் என்ன நினைத்துச் சொன்னான் என்பது டாரியனுக்குத் தெரியாது. அது என்னிடம் நம்பிக்கையாகச் சொல்லப்பட்டது, அவனால் படிக்க முடியாத மொழியில் எழுதுவேன் என்பதற்காகவே சொல்லப்பட்டது. எனக்கு டாரியனின் தொலைபேசி எண் தெரியும். நான் கூப்பிடவில்லை.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் கூப்பிடுவீர்களா?